விரல் கடைசியில்தான் வரும்: ஏர் பிஸ்டலில் பிடியும் ட்ரிகர் விரலும்

டர்பனில் ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் ரேஞ்சுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: “அங்கிள், விரலை ட்ரிகரில் எங்கே வைக்கணும்?” அரை மணி நேரம் கழித்துச் சொல்கிறேன் என்பேன். சிலருக்கு முகம் சுருங்கிவிடும். ஆனால் கை பிடியில் சரியாக உட்காராதவரை விரலுக்கென்று ஓர் இடமே கிடையாது. இன்று நுனியில் படுவது நாளை கணுவில் படும். அதற்கு விரலைக் குறை சொல்லிப் பயனில்லை.

கீழே உள்ளது 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கும் வலக்கைக்காரர்களுக்கும் எழுதியது. இடக்கைக்காரர்கள் இடம் வலத்தை மாற்றிப் படியுங்கள். வரிசையை மட்டும் யாரும் மாற்ற வேண்டாம்; நான் பார்த்த தடுமாற்றங்களில் பாதி, வரிசை மாறியதால் வந்தவை.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

பிஸ்டலோடு வந்த ஆலன் சாவிகள், ஒரு பென்சில், 80, 120 எண் உப்புத்தாள், சின்ன அரம், மரத்தில் ஒட்டும் எபாக்ஸி புட்டி, பருத்தித் துண்டு, படமே இல்லாத ஒரு வெள்ளை அட்டை, ஒரு நோட்டு. ட்ரிகரின் பளுவைச் சோதிக்கும் 500 கிராம் எடைக்கல் (போட்டியில் ட்ரிகர் குறைந்தது இவ்வளவு பளு தாங்க வேண்டும்) சொந்தமாக இல்லாவிட்டால் ரேஞ்சில் இரவல் கேட்கலாம்.

பெல்லட் (ஏர் பிஸ்டலில் சுடும் சின்னக் குண்டு) டப்பாவைப் பையிலேயே விடுங்கள். முதல் இரண்டு வாரம் அதற்கு வேலையில்லை. ஓட்டை விழுகிற இடத்தைக் கண் பார்த்துவிட்டால் மனம் கையை விட்டுவிட்டு குறி அட்டைக்கு ஓடிவிடும்.

சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டு ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 4.5 மி.மீ. பெல்லட் சுடும் ஏர் பிஸ்டலுக்கு உரிமம் தேவையில்லை. பாயிண்ட் 22 தோட்டா பிஸ்டலுக்குத் தகுதிச் சான்றிதழும் வேண்டும், தனி உரிமமும் வேண்டும். அதனால் கற்பதை ஏர் பிஸ்டலில் தொடங்குவதுதான் நம்மைப் போன்றவர்களுக்கு வசதி. உரிமம் வேண்டாம் என்பதற்காக காரின் பின்சீட்டில் திறந்து போட்டுக்கொண்டு போகாதீர்கள். பார்க்கிறவருக்கு அது வெறும் பிஸ்டல்தான்.

பாதுகாப்பு விதிகளை ரேஞ்சில் சொல்லித் தருவார்கள். இந்த வழிகாட்டிக்கு இரண்டு போதும். குழல் எப்போதும் அட்டைப் பக்கமே பார்க்க வேண்டும். பிஸ்டல் அட்டைக்கு நேராக வரும்வரை விரல் ட்ரிகர் வளையத்துக்கு வெளியே, பக்கவாட்டில் நீட்டியிருக்க வேண்டும். இரண்டாவது விதி பாதுகாப்புக்கு மட்டுமில்லை. கை உட்காருவதற்குள் விரல் உள்ளே நுழைந்துவிட்டால் அந்த விரலைச் சுற்றித்தான் கை உட்காரும். பிடி அப்போதே கெட்டுவிட்டது.

2. கை ஆடுவது ஏன் பெரிய குற்றமில்லை

இந்தக் கணக்கை எல்லாருக்கும் ஒரு தடவை போட்டுக் காட்டிவிடுவேன்.

ஏர் பிஸ்டலின் ஃப்ரண்ட் சைட்டுக்கும் (குழல் முனையில் நிற்கும் குறிமுள்) ரியர் சைட்டுக்கும் (பின்னால் உள்ள பள்ளமிட்ட தகடு) நடுவே சுமார் 320 மி.மீ. தூரம் இருக்கும். ரியர் சைட்டின் பள்ளத்துக்குள் ஃப்ரண்ட் சைட் 1 மி.மீ. விலகினால் 10 மீட்டரில் குண்டு சுமார் 31 மி.மீ. தள்ளிப்போகும். அட்டையில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 8 மி.மீ. அப்படியென்றால் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கால் மில்லிமீட்டர் கோணலே ஒரு புள்ளியைத் தின்றுவிடும். ஒரு முழு மில்லிமீட்டர் என்றால் நான்கு புள்ளி போச்சு.

இனி கை ஆட்டம். இரண்டு சைட்டும் ஒன்றோடொன்று நேராக இருக்க, கை முழுவதுமாக 5 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் குண்டும் 5 மி.மீ. மட்டுமே நகரும். பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ.; பெல்லட்டின் விளிம்பு தொட்டாலே பத்துதான். ஆக, அந்த 5 மி.மீ. ஆட்டத்தோடு சுட்டாலும் உங்களுக்குப் பத்து.

புதியவர் கை ஆடுவதைக் கண்டு பயந்து, கறுப்பு வட்டத்துக்கு அடியில் ஒரு கணம் வந்ததும் வெடுக்கென்று இழுத்துவிடுகிறார். மன்னிக்கக்கூடிய 5 மி.மீ. ஆட்டத்தைத் தவிர்க்கப் போய் மன்னிக்க முடியாத கோணலை வரவழைத்துக்கொள்கிறார். பிடியின் வேலை சைட் இரண்டையும் நேராக வைத்திருப்பது. விரலின் வேலை அதைக் கலைக்காமல் இருப்பது.

3. பிடியின் அளவு

போட்டி ஏர் பிஸ்டலின் மரப்பிடி எஸ், எம், எல் என்று அளவுகளில் வரும். நான் முதலில் செகண்ட்ஹேண்டில் வாங்கியபோது கடைக்காரர் “எம் எல்லாருக்கும் சரியா இருக்கும்” என்றார். என் கைக்கு அது பெரிது. இரண்டு வருடம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, என் விரல்தான் குட்டை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சோதிப்பது சுலபம். கையைப் பிடிக்குள் வையுங்கள். நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றும் முன்பக்கம் சுற்றிவர வேண்டும், ஆனால் அவற்றின் நுனிகள் உள்ளங்கையைத் திருப்பி இடிக்கக் கூடாது. இடித்தால் பிடி சிறிது. நுனிகள் முன்பக்கத்தைத் தாண்டாமல் பக்கவாட்டிலேயே நின்றுவிட்டால் பெரிது. சிறிய பிடியைப் புட்டி வைத்துப் பெரிதாக்கலாம். பெரிய பிடியை ஓர் அளவுக்கு மேல் செதுக்க முடியாது. இரண்டுக்கும் நடுவே சந்தேகம் வந்தால் சிறியதை வாங்குங்கள்.

4. கையை உள்ளே வைக்கும் வரிசை

மேசையில் இருக்கும் பிஸ்டலை வலக்கையால் எடுக்காதீர்கள். எடுக்கும்போது கை ஓர் இறுக்கத்தை வரித்துக்கொள்ளும், பிறகு அதை விடாது.

இடக்கையால் பிஸ்டலின் முன்பாகத்தை அடியிலிருந்து தாங்குங்கள். வலக்கையைத் திறந்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உள்ள கவட்டையைப் பிடியின் பின்பக்க மேல் வளைவில் பதியுங்கள். எவ்வளவு மேலே போகுமோ அவ்வளவு மேலே. கை எவ்வளவு உயரமோ, குழல் அவ்வளவு நெருக்கமாகக் கைமேல் உட்காரும். சுடும்போது வரும் சின்ன உதைப்பும் மணிக்கட்டைத் திருப்பாமல் நேராகப் பின்னால் வரும்.

இப்போது இடக்கையால் பிஸ்டலை வலக்கைக்குள் பின்னோக்கி அழுத்துங்கள். வலக்கை சும்மா இருக்கட்டும். உள்ளங்கையின் அடிச்சதை பிடியின் பின்பக்கத்தில் முழுக்கப் படிந்த பிறகு நடுவிரலை ட்ரிகர் வளையத்துக்கு நேர் கீழே ஒட்டி வையுங்கள். அப்புறம் மோதிர விரல். சுண்டுவிரல் கடைசி, அது அங்கே இருந்தால் போதும், வேலை செய்ய வேண்டாம்.

கட்டைவிரலைப் பிடியின் பக்கவாட்டில் அதற்கென உள்ள தாங்கலின் மேல் படுக்க வையுங்கள், அழுத்த வேண்டாம். கட்டைவிரல் அழுத்தினால் எதிர்ப்பக்கம் சுட்டுவிரலின் அடிப்பகுதியும் இறுகும். இரண்டு பேர் ஒரு கயிற்றை இழுப்பது போல அதுவும் இதுவும் மாறி மாறிப் பிஸ்டலைத் திருப்பும்.

சுட்டுவிரல் இன்னும் வெளியேதான் இருக்கிறது. நல்லது.

ஒவ்வொரு சுடுதலுக்கும் கையை எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டுமா, இல்லை பிடித்தபடியே இடக்கையால் பெல்லட் போடலாமா? தேர்ந்தவர்கள் இரண்டு விதமாகவும் செய்கிறார்கள். முதல் ஆறு மாதம் எடுத்து எடுத்து வையுங்கள் என்பதே என் கட்சி. 60 சுடுதல் என்றால் 60 முறை பிடிக்கப் பழகுகிறீர்கள். போட்டியில் 60-க்கு 75 நிமிடம் தருகிறார்கள். நேரம் போதாது என்று சொல்ல முடியாது.

5. கண்ணை மூடிப் பார்க்கும் சோதனை

வெள்ளை அட்டையின் முன் பக்கவாட்டில் நில்லுங்கள். இடக்கையைப் பாக்கெட்டில் போடுங்கள் அல்லது பெல்ட்டில் மாட்டுங்கள். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகேச் பாக்கெட்டில் கை விட்டபடி சுட்ட படம் உலகம் சுற்றியது. அதில் அலட்சியம் ஒன்றுமில்லை, சும்மா தொங்கும் கை ஊசலாடினால் தோளும் ஆடும் என்பதற்காகப் பல பேர் செய்வதுதான்.

கண்ணை மூடுங்கள். பிஸ்டலைச் சுடும் உயரத்துக்குத் தூக்குங்கள். மூச்சை விட்டு, கை தானாக நிற்கிற இடத்தில் நிற்க விடுங்கள். இப்போது கண்ணைத் திறந்து சைட்டை மட்டும் பாருங்கள்.

ஃப்ரண்ட் சைட் பள்ளத்தின் நடுவில், இரண்டு பக்கமும் சமமான வெளிச்சத்தோடு, மேல்மட்டம் சமமாக நின்றால் உங்கள் பிடி சரி. இடப்பக்கம் ஒட்டி நின்றால் குழல் இடப்பக்கம் பார்க்கிறது. மணிக்கட்டை வளைத்துச் சரிசெய்யாதீர்கள்! கையை இறக்கி, இடக்கையால் பிஸ்டலை வலக்கைக்குள் மயிரிழை வலப்பக்கம் திருப்பி, மறுபடி கண்ணை மூடித் தூக்குங்கள். ஃப்ரண்ட் சைட் மேலே துருத்தினால் பிடியின் சாய்கோணத்தை மாற்ற வேண்டியிருக்கும். பல பிஸ்டல்களில் அதற்கு ஒரு திருகு உண்டு.

பத்துத் தடவை செய்யுங்கள். ஏழெட்டுத் தடவை ஒரே பக்கம் விலகினால் மரம் தப்பு. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பக்கம் போனால் நான்காம் படியில் கை ஒரே மாதிரி உட்காரவில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் மரத்தைச் சுரண்டத் தொடங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் சுரண்டியவன்தான்.

லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்த நாட்களில் எங்கள் வீட்டில் இரண்டு மணி நேரம் இருட்டு. டிவி இல்லை, போனிலும் சார்ஜ் இல்லை. அந்த நேரத்தில் வெறும் பிஸ்டலை இருட்டில் தூக்கி, டார்ச்சைப் போட்டுச் சைட்டைப் பார்ப்பேன். ரேஞ்சில் ஒரு வருடம் சுட்டு வராதது அந்த இருட்டில் ஒரு மாதத்தில் வந்தது.

6. எவ்வளவு இறுக்கம்

டர்பன் கிரே தெருவில் சனிக்கிழமைக் கூட்டத்தில் சின்னப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடப்பீர்களே, அந்த அளவு. நழுவவும் கூடாது, பிள்ளை அழவும் கூடாது.

இதை அளக்க ஒரு வழி உண்டு. பிஸ்டலைத் தூக்கி, ஃப்ரண்ட் சைட் நடுங்கும்வரை மெல்ல இறுக்கிக்கொண்டே போங்கள். நடுக்கம் தொடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். நடுக்கம் நின்ற இடம்தான் உங்கள் இறுக்கம்.

அழுத்தத்தின் திசையும் முக்கியம். நடுவிரலும் மோதிர விரலும் நேராகப் பின்னோக்கி, உள்ளங்கைக்குள் அழுத்த வேண்டும். பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் பிழிவது போலப் பிழிந்தால் பிஸ்டல் ஒரு பக்கம் திரும்பும்.

இறுக்கம் கொஞ்சம் கூடவோ குறையவோ இருந்தால் பரவாயில்லை. நடுவில் மாறினால்தான் ஆபத்து. தூக்கியது முதல் சுட்டு முடித்து இரண்டு விநாடி கழியும்வரை ஒரே இறுக்கம். நடுவில் கூட்டினால் குழல் தாழும், விட்டால் எழும்.

இங்கே நம் ஊர் வெயிலையும் சொல்ல வேண்டும். பிப்ரவரி மாத டர்பனில் பத்தாவது சுடுதலுக்குள் உள்ளங்கை நனைந்துவிடும். வழுக்குகிறது என்று கை தன்னையறியாமல் இறுகும். துண்டால் கையையும் மரத்தையும் ஒவ்வொரு ஐந்து சுடுதலுக்கும் துடையுங்கள். சாக்பீஸ் பொடி மிகக் கொஞ்சமாக. அளவுக்கு மீறினால் வியர்வையோடு சேர்ந்து மாவாகிவிடும்.

ஜூலையில் ஜோகன்னஸ்பர்க்குக்குப் போட்டிக்குப் போனால் கதையே வேறு. காலைக் குளிரில் கை சுருங்கி, டர்பனில் கச்சிதமாக இருந்த பிடிக்குள் கை லொடலொடவென்று ஆடும். பிடியைத் தொடாதீர்கள். கையை இருபது நிமிடம் சூடாக்கிக்கொண்டு வாருங்கள். போட்டிக் காலையில் புட்டி வைத்துவிட்டு வந்து, பதினோரு மணி வெயிலில் கை உள்ளே போகாமல் தவித்தவர் ஒருவர் எங்கள் காரிலேயே இருந்தார்.

7. மரத்தைக் கைக்கு ஏற்றபடி மாற்றுவது

முந்தைய சோதனைகளில் மரம்தான் தப்பு என்று உறுதியான பிறகே இதைத் தொடுங்கள்.

உள்ளங்கையில் டால்கம் பவுடரை மெல்லப் பூசிக்கொண்டு பிடித்து எடுத்தால், கை எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்று மரத்தில் தெரியும். எங்களோடு சுடும் டோங்காட் தாத்தா ஒருவர் பவுடருக்குப் பதில் விபூதி பூசுவார். கேட்டால், “ரெண்டு வேலையும் ஆகுதில்ல தம்பி” என்பார்.

படாத இடத்தில் புட்டி. கையில் மெல்லிய ரப்பர் உறை போட்டு, அதன்மேல் கொஞ்சம் வாஸ்லின் தடவி, பிசைந்த புட்டி வைத்த பிடியைச் சரியான வரிசையில் பிடித்து, சில நிமிடம் அசையாமல் இருந்துவிட்டு மெதுவாகக் கழற்றுங்கள். இரவு முழுக்கக் காயட்டும். உறுத்தும் இடத்தைப் பென்சிலால் குறித்து உப்புத்தாளால் தேயுங்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம் மட்டும். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது.

உள்ளங்கைக்குக் கீழே வரும் தாங்கல் பலகையைக் கடைசியில் ஏற்றுங்கள். அது கையின் அடிவிளிம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். இறுக்கி ஏற்றினால் கை கிடுக்கியில் மாட்டியது போல ஆகும். பத்து நிமிடத்தில் விரல் மரத்துவிடும், மரத்த விரலுக்கு 500 கிராம் எது, 300 கிராம் எது என்று தெரியாது. மணிக்கட்டைத் தாங்கும் எதையும் விதி அனுமதிக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

8. ட்ரிகரை விரலிடம் கொண்டுவருவது

இப்போதுதான் ஆலன் சாவி வெளியே வருகிறது. போட்டிப் பிஸ்டலின் ட்ரிகரை முன்னும் பின்னும் நகர்த்தலாம், பெரும்பாலானவற்றில் பக்கவாட்டிலும் திருப்பலாம். புதியவர் என்ன செய்கிறார் என்றால், ட்ரிகர் இருக்கிற இடத்துக்கு விரலை நீட்டுகிறார். விரல் எட்டாதபோது முழுக் கையையும் பிடியில் சுற்றி நகர்த்துகிறார். கஷ்டப்பட்டு உட்கார வைத்த கை அதோடு போச்சு.

கை அசையாமல் இருக்க, சுட்டுவிரலை இயல்பாக உள்ளே மடக்குங்கள். விரலின் நடுத்துண்டு குழலுக்கு இணையாக ஓட வேண்டும், நுனித்துண்டு ட்ரிகரைச் செங்குத்தாகச் சந்திக்க வேண்டும். விரல் கொக்கி போல வளைந்தால் ட்ரிகரை முன்னே தள்ளுங்கள். விரல் விறைப்பாக நீண்டால் பின்னே கொண்டுவாருங்கள்.

இன்னொன்று: விரலின் அடிப்பகுதி மரத்தைத் தொடக் கூடாது. ஒரு பென்சில் நுழையும் இடைவெளி இருக்கட்டும். தொட்டால், விரல் மடங்கும்போது அதன் சதை புடைத்து மரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். அது எவ்வளவு தள்ளும் என்று கேட்பீர்கள். கால் மில்லிமீட்டர் போதும், கணக்கு மேலே இருக்கிறது.

9. விரல் படும் இடம்

சரி, கடைசியில் அந்தக் கேள்விக்கு வந்தோம்.

விரல்நுனிக்கும் முதல் கணுக்கோட்டுக்கும் நடுவில் சதைப்பற்றான மேடு இருக்கிறது. அதன் நடுப்பகுதி ட்ரிகரில் பட வேண்டும். பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு, முதல் வாரம் ஒவ்வொரு தடவையும் அந்தப் புள்ளி ட்ரிகரின் மேல் வருகிறதா என்று பாருங்கள்.

ஏன் அந்த இடம்? தொடு உணர்வு விரல்நுனிச் சதையில்தான் மிக அதிகம். 500 கிராம் என்பது சின்ன எடை. அதில் கடைசி நூறு கிராமை உணர்ந்து கூட்ட அந்த உணர்வு வேண்டும். கணுவுக்கு நெருங்க நெருங்க பலம் கூடும், உணர்வு குறையும். இரண்டாவது காரணம் திசை. வலக்கைக்காரருக்கு வெறும் நுனி மட்டும் பட்டால் இழுப்பு குழலை இடப்பக்கம் தள்ளப் பார்க்கும். கணுவரை உள்ளே போனால் வலப்பக்கம் இழுக்கப் பார்க்கும். நடுமேட்டில்தான் நேர்பின்னே போவது எளிது.

என் விரலும் உங்கள் விரலும் ஒன்றில்லை. நீண்ட விரல்காரருக்கு அந்தப் புள்ளி ஓரிரு மில்லிமீட்டர் நகரலாம். எது சரி என்று முடிவு செய்ய அட்டையைப் பார்க்க வேண்டாம். வெறும் பிஸ்டலில் ட்ரிகர் விடும் கணத்தில் ஃப்ரண்ட் சைட் அசையாமல் நிற்கும் இடம்தான் உங்கள் இடம். கண்டுபிடித்ததும் நோட்டில் விரலை வரைந்து குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து எல்லாம் தப்பாகப் போகும் ஒரு நாள் வரும்; அன்று அந்தப் படம் தேவைப்படும்.

10. இழுப்பது

விரலின் அடிக்கணு அசையக் கூடாது, நடுக்கணுவிலிருந்து மட்டும் மடங்க வேண்டும். சொல்வது சுலபம். சுட்டுவிரல் மடங்கும்போது மற்ற விரல்களும் கூடவே மடங்கப் பார்ப்பது கையின் சுபாவம். ஒரே தசைக்கூட்டம்தான் எல்லா விரலையும் இழுக்கிறது. அதைப் பிரிக்கத்தான் பயிற்சி. பஸ்ஸில் உட்கார்ந்து சன்னல் கம்பியை மூன்று விரலால் பிடித்துக்கொண்டு சுட்டுவிரலை மட்டும் மடக்கி நீட்டுங்கள். மற்ற மூன்றும் இம்மியும் மாறக் கூடாது.

ஏர் பிஸ்டல் ட்ரிகர் பெரும்பாலும் இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் கொஞ்ச தூரம் இலகுவாகப் பின்னே வந்து ஒரு சுவரில் முட்டும். இரண்டாம் கட்டத்தில் அந்தச் சுவர் உடையும். 500 கிராமில் பெரும்பங்கை முதல் கட்டத்துக்குக் கொடுங்கள். 350-க்கு 150 என்று தொடங்கலாம். பளு ஏற்கெனவே விரலில் இருந்தால், மிச்சம் கூட்ட வேண்டியது கொஞ்சம்தான். எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பாருங்கள்: குழல் செங்குத்தாக மேலே பார்க்க, கல்லைத் தூக்கும்போது ட்ரிகர் விடாமல் தாங்க வேண்டும். போட்டியில் இதே சோதனைதான். வீட்டில் 500-க்குச் சரியாக வைத்துவிட்டு வந்து அங்கே தோற்றவர்கள் உண்டு, 510 வையுங்கள்.

வரிசை இப்படி. பிஸ்டலைக் கறுப்புக்கு மேலே தூக்குங்கள். விரல் உள்ளே வரட்டும். மெல்ல இறங்கும்போதே முதல் கட்டத்தை எடுத்துவிடுங்கள். கறுப்புக்குக் கீழே வெள்ளையில் கை அமர்ந்ததும் கண் ஃப்ரண்ட் சைட்டுக்குப் போகட்டும். கறுப்பு மங்கலாகத் தெரிந்தால் போதும். கை ஆடிக்கொண்டுதான் இருக்கும். ஆடட்டும். சைட் நேராக இருக்கிறவரை விரல் நிற்காமல் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும், அகல் விளக்கில் திரியைத் தூண்டுகிற மென்மையோடு. எந்தக் கணத்தில் விடும் என்று உங்களுக்கே தெரியாமல் விட வேண்டும்.

கை அமர்ந்து ஐந்து முதல் எட்டு விநாடிக்குள் முடியாவிட்டால் இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் கண் களைத்து, பழைய பிம்பத்தையே நேராக இருப்பதாகக் காட்டும். இறக்குவதற்கு வெட்கப்படுகிறவர்கள்தான் ஆறும் ஏழும் போடுகிறார்கள்.

விட்ட பிறகு விரலை உடனே எடுக்காதீர்கள். ட்ரிகரைப் பின்னால் பிடித்தபடியே இரண்டு விநாடி சைட்டைப் பாருங்கள். பெல்லட் குழலை விட்டுப் போவதற்குள் கை தளர்ந்தால் அதுவும் அட்டையில் எழுதப்படும்.

11. வெறும் பிஸ்டல் பயிற்சி

பெரும்பாலான போட்டி ஏர் பிஸ்டல்களில் காற்றை வெளியேற்றாமல் ட்ரிகரை மட்டும் இயக்கும் ஏற்பாடு உண்டு. அதைப் போட்டு, குழலில் பெல்லட் இல்லை என்று கண்ணால் பார்த்து, பெல்லட் டப்பாவை அடுத்த அறையில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். கூடவே குடும்பத்தில் யாரும் நடமாடாத சுவராகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைச் சுவரில் ஒன்றும் ஒட்டாதீர்கள். குறி இருந்தால் கண் குறிக்குப் போகும். இல்லாவிட்டால் சைட்டில் நிற்கும். ஒரு நாளைக்கு 20 முறை, 15 நிமிடம். நூறு முறை அவசரமாகச் செய்தால் நூறு முறை தப்பைப் பழகியதாகும். ட்ரிகர் விடும்போது ஃப்ரண்ட் சைட் எந்தப் பக்கம் அசைந்தது என்று ஒவ்வொரு முறையும் நோட்டில் ஒரு அம்புக்குறி. ஒரு வாரத்தில் அம்புகளே பேசும்.

12. அம்பு எங்கே காட்டினால் எங்கே பார்ப்பது

இணையத்தில் வட்டமாகப் பிரித்த ஒரு படம் சுற்றுகிறது: இங்கே விழுந்தால் இந்தத் தப்பு என்று. சாட்ஸ்வொர்த் பையன் ஒருவன் அதை அச்சடித்துப் பையிலேயே வைத்திருந்தான். அது முழுப் பொய்யில்லை. ஆனால் பிடி நிலையாக உள்ளவருக்கு மட்டும்தான் அது பொருந்தும். ஒவ்வொரு தடவையும் கை வேறு மாதிரி உட்காருகிறவருக்கு அது கிளி ஜோசியம்.

நான் பார்க்கும் வரிசை இது. கீழே இடப்பக்கம் அசைந்தால் முதலில் வெடுக்கென்று இழுப்பது. அடுத்து, விரலோடு மொத்தக் கையும் இறுகுவது. நேர் கீழே என்றால் உதைப்பை எதிர்பார்த்து மணிக்கட்டு தாழ்கிறது. மேலே என்றால் ட்ரிகர் விடுமுன்பே அட்டையைப் பார்க்கத் தலை எழும்புகிறது, கை தளர்கிறது. நேர் இடம் அல்லது நேர் வலம் என்றால் மட்டுமே விரல் படும் இடத்தைச் சந்தேகிப்பேன்; அப்போதும் முதலில் அந்தப் பென்சில் இடைவெளியைப் பார்த்துவிட்டுத்தான் விரலுக்கு வருவேன்.

சைட்டின் திருகைத் தொட ஆசை வரும். பத்துக் குண்டும் ஒரே இடத்தில் கூட்டமாக விழுந்து, அந்தக் கூட்டம் மட்டும் நடுவில் இல்லாவிட்டால் திருகுங்கள். சிதறிக் கிடக்கும்போது திருகினால் சிதறலை வேறிடத்துக்கு மாற்றுகிறீர்கள், அவ்வளவுதான்.

13. பாயிண்ட் 22-க்குப் போகும்போது

25 மீட்டர் பிஸ்டலில் ட்ரிகர் குறைந்தது 1000 கிராம். விரல் அதே மேட்டில் வைத்தால் சிலருக்குப் பலம் போதாமல் கை முழுதும் உதவிக்கு வரும். அவர்கள் புள்ளியைக் கணுப் பக்கம் கொஞ்சம் நகர்த்தலாம். உதைப்பும் கூடுதல் என்பதால் இறுக்கத்தை ஆறாம் படியிலிருந்து மறுபடி அளக்க வேண்டும். உரிமம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். உரிமம் உள்ளவர் பக்கத்திலேயே நின்று மேற்பார்க்க, அவருடைய பிஸ்டலில் ரேஞ்சில் பழகலாம். ஆனால் அவருடைய பிடி அவர் கைக்குச் செதுக்கியது. அதில் வரும் அம்புக்குறிகளை உங்கள் நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதுங்கள், ஏர் பிஸ்டல் பக்கத்தோடு சேர்க்காதீர்கள்.